மறதியும் முதுமையும்: அம்மாமாருக்காகவும் நமக்காகவும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சுகாதாரத் துறையிலும் ஆசிரியத் துறையிலும் பணியாற்றிய பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து தயாரித்து வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு எத்தனையோ நல்ல விடயங்கள் இருக்க, மறதியைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று சிலர் எங்களைக் கேட்டார்கள். பழைய மாணவிகள் சங்கம் என்பதே நினைவில் நிற்கும் ஒரு சங்கம்தானே. யார் எந்த வகுப்பில் இருந்தார், யார் எந்த இல்லத்துக்கு ஓடினார், எந்த டீச்சர் எதற்கு அடித்தார் என்று நினைவுபடுத்திக் கொள்ளத்தான் நாம் கூடுகிறோம். அந்த நினைவு மங்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று பேசவும் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று எங்களுக்குப் பட்டது.

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டில். அந்தப் புகையிரதத்தில் தெமோதரையிலும் ஹாலிஎலயிலும் ஏறி வந்து படித்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமை பஸ்களில் நின்றபடி வந்தவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து விடியுமுன் நடந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். நம்மை அனுப்பி வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போன அம்மாமாரில் பலர் இன்று எண்பதைத் தொட்டுவிட்டார்கள். நமக்கோ ஐம்பத்தைந்து, அறுபது, எழுபது. ஆகவே இந்தப் பேச்சு இரண்டு தலைமுறைக்கும் பொதுவானது.

மூளைக்கு வயதாகும்போது

மூளையின் எடை ஏறக்குறைய 1.3 கிலோகிராம். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் நாம் உண்ணும் உணவின் சக்தியிலும் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனிலும் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக் கொள்கிறது. இவ்வளவையும் அதற்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது இரத்தம். ஆகவே இருதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கெடுதி செய்வதெல்லாம் மூளைக்கும் கெடுதிதான். இந்த ஒன்றை மனதில் வைத்துக் கொண்டால் இனிச் சொல்லப் போவதில் பாதி தானாகவே விளங்கும்.

நாற்பது வயதுக்குப் பிறகு மூளை மெல்ல மெல்லச் சுருங்குகிறது. பத்து ஆண்டுகளில் சுமார் 5 வீதம் குறைவதாகச் சொல்கிறார்கள். புதிதாகக் கேட்டதைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும், திட்டமிட்டு ஒழுங்குபடுத்தும் முன்மூளையும் இந்தச் சுருக்கத்தைக் கூடுதலாக உணர்கின்றன. அதனால் பெயர்கள் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வது சிரமமாகும். ஒரு கணக்கைப் போட முன்னைவிட நேரம் எடுக்கும்.

ஆனால் எல்லாமே குறைவதில்லை. சொல்வளம் வயதோடு வளருகிறது. மனிதரை எடை போடும் அனுபவம் கூடுகிறது. கை பழகிய தொழில் கடைசிவரை நிற்கிறது. முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஒருவரின் விரல்களுக்கு எது பறிக்கும் கொழுந்து, எது விட வேண்டிய இலை என்று இன்றும் தெரியும். வேகம் குறைந்ததைக் கண்டு அறிவு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

எது வயதின் மறதி, எது நோய்

வயதினால் வரும் மறதிக்கும் மறதி நோய்க்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்து கொள்வது முக்கியம். குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று மறப்பது எல்லோருக்கும் வருவது. ஐம்பது வருஷம் ரொட்டி சுட்ட ஒருவர் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது வேறு. கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது வழமை. அதே கண்ணாடியை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று மருமகள் மேல் நாள்தோறும் பழி சொல்லத் தொடங்கினால் கவனிக்க வேண்டும். கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் ஐந்து முறை கேட்பது, பழகிய பாதையில் வழி தவறுவது, சில்லறை எண்ண முடியாமல் போவது, குளிக்கவும் உடுப்பு மாற்றவும் மறுப்பது, சாந்தமாக இருந்தவர் திடீரென்று சந்தேகக்காரராக மாறுவது ஆகியவையும் அடையாளங்கள்.

இந்த நிலையை ஆங்கில வைத்தியத்தில் டிமென்ஷியா என்கிறார்கள். அது பல நோய்களுக்குப் பொதுப் பெயர். அவற்றுள் கூடுதலாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மனியைச் சேர்ந்த அலொய்ஸ் அல்சைமர் என்ற வைத்தியர் 1906ஆம் ஆண்டு, தம்மிடம் சிகிச்சை பெற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து, அதில் படிந்திருந்த புரதத் திட்டுகளையும் முறுக்கிய இழைகளையும் விவரித்தார். அடுத்தது இரத்தக் குழாய் அடைபட்டு வரும் மறதி நோய். பிரஷரும் சீனி வருத்தமும் கவனிக்கப்படாமல் இருக்கும் இடங்களில் இது கூடுதல். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021இல் உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பேர் இந்த நிலையில் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம்முடையது போன்ற வருமானம் குறைந்த நாடுகளிலேயே வாழ்கிறார்கள். இலங்கையில் ராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இந்த நோயைக் கண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டின் சனத்தொகையில் 12.4 வீதத்தினர் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள். அந்த வீதம் ஏறிக் கொண்டேதான் போகிறது.

'வயசானா அப்படித்தானே' என்ற சொல்

எங்கள் அனுபவத்தில் மிகக் கூடிய தீங்கு செய்த சொல் இதுதான். தோட்டத்திலிருந்து ஒரு தாயை அழைத்து வருகிறார்கள். நாலு மாதமாக ஆள் மாறிவிட்டார், பேச்சில்லை, சாப்பாடில்லை, பேர் தெரியவில்லை என்கிறார்கள். ஏற்கெனவே ஓரிடத்தில் காட்டியபோது, வயசானா அப்படித்தானே, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். குடும்பமும் அதை ஏற்றுக் கொண்டுவிட்டது. இப்படியான கதைகளை நாங்கள் ஒன்றல்ல, பல கேட்டிருக்கிறோம்.

மறதி நோய் போலத் தோன்றி, மருந்து செய்தால் மாறக்கூடிய நிலைகள் பல இருக்கின்றன. தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்தால் மனம் மந்தமாகும். பி 12 விற்றமின் குறைந்தால் மறதி வரும். மரக்கறி மட்டும் உண்பவர்களும், சீனி வருத்தத்துக்கு நீண்ட காலம் மெட்போமின் எடுப்பவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். மனச்சோர்வு முதுமையில் மறதியின் வேடத்தில் வரும். புருஷனைப் பறிகொடுத்த ஒரு தாய் பேச்சை நிறுத்துவது மூளை கெட்டதனால் அல்லாமல் துக்கத்தினாலும் இருக்கலாம். வழுக்கும் படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டு, சில வாரம் கழித்து மண்டைக்குள் இரத்தம் தேங்கிக் குழப்பம் வருவதும் உண்டு. நித்திரைக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள்கூட முதியவரின் புத்தியை மயக்கும். காதும் கண்ணும் மங்கியவரை மறதிக்காரர் என்று தவறாக நினைப்பதும் நடக்கிறது.

ஓரிரு நாளில் திடீரென்று வந்த குழப்பம் மறதி நோயாக இருப்பது அரிது. சிறுநீரில் கிருமி, சளிக் காய்ச்சல், உடம்பில் நீர் வற்றுதல் என்று ஏதோ அவசரம் உள்ளே இருக்கிறது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சோதிக்கும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகெங்கும் பயன்படும் முப்பது புள்ளிச் சோதனை ஒன்று 1975இல் அமெரிக்காவில் உருவானது. இன்று என்ன திகதி, நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வாருங்கள், இந்த வசனத்தை வாசியுங்கள், ஒரு வசனம் எழுதுங்கள், இந்த உருவத்தைப் பார்த்து வரையுங்கள் என்று கேட்கும். பேனை பிடித்தே இராத கைகளிடம் இதைக் கேட்டால் புத்தி தெளிவாக உள்ளவரும் புள்ளி இழப்பார். இந்தக் குறையை நீக்கத்தான், சென்னையும் வேலூரும் பங்குகொண்ட 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு, எழுத்தறிவில்லாதவருக்கும் பொருந்தும் முறையை வகுத்தது. அவரோடு வாழ்பவரிடம், முன்னர் செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்று கேட்பது அதில் முக்கிய பகுதி.

நம் தாய்மாரிடம் பிறந்த திகதியைக் கேட்டுப் பயனில்லை. பலருக்கு அடையாள அட்டையில் இருப்பது யாரோ கணக்கப்பிள்ளை போட்ட திகதி. ஆனால் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்த 1964இல் யார் யார் இந்தியாவுக்குப் பேர் கொடுத்தார்கள் என்று தெரியும். மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாத 1974 பஞ்சம் தெரியும். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போன காலம் தெரியும். 83 தெரியும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014இல் மலை சரிந்ததும் தெரியும். ஆகவே வைத்தியரிடம் போகும்போது கூடப் போகிறவர் இந்த விடயங்களைச் சொல்லி உதவ வேண்டும். பழையது எல்லாம் தெளிவாக இருக்க, போன வாரம் நடந்தது மட்டும் அழிந்து போகிறது என்றால் அதுவும் வைத்தியருக்குத் தேவையான செய்திதான்.

தடுக்கக் கூடியது எவ்வளவு

2024ஆம் ஆண்டு லான்செட் வைத்திய சஞ்சிகையின் ஆணைக்குழு தந்த அறிக்கை ஒரு நல்ல செய்தியைச் சொன்னது. மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைக் கவனித்தால் உலகில் வரும் மறதி நோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கலாம் அல்லது பிற்போடலாம் என்பது அதன் முடிவு. அந்தப் பதினான்கு: சிறுவயதில் படிப்பின்மை, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், கூடாத கொழுப்பு, சீனி வருத்தம், உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைத்தல், மிதமிஞ்சிய மது, தலையில் அடிபடுதல், மனச்சோர்வு, தனிமை, மாசடைந்த காற்று.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு ஒரு லயத்தின் முன்னால் நின்று பார்ப்போம்.

பிரஷருக்கு வலி கிடையாது. அதனால் மருந்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கிளினிக் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும் என்பதும் ஒரு காரணம். சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். நடுவயதில் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது முதுமையில் மூளைக்குச் செய்யும் பேருதவி.

மலையில் ஏறி இறங்கிய உடம்புக்கு உழைப்பு குறைவில்லை. ஆனால் செக்ரோலில் பேர் வெட்டிய மறுநாளே அந்த நடை நின்று போகிறது. சீனி போட்ட தேயிலைத் தண்ணியும் ரொட்டியும் மட்டும் அப்படியே தொடர்கின்றன. பென்சன் எடுத்த நமக்கும் இதுதான் கதை. நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடப்பது, ரொட்டியில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பையும் கீரையையும் வைப்பது, சீனியையும் உப்பையும் குறைப்பது என்பவற்றுக்குச் செலவில்லை.

புகைபோக்கி இல்லாத அடுப்பங்கரையில் விறகுப் புகையை மூச்சில் இழுத்தபடி ஆயுளைக் கழித்தவர்கள் நம் பெண்கள். மாசடைந்த காற்று என்று அறிக்கை சொல்வதில் இதுவும் அடங்கும். தொழிற்சாலையில் ரோலர் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்குக் காது மங்கியிருக்கிறது. காது கேளாதவர் பேச்சில் கலந்து கொள்வதை நிறுத்துகிறார், பிறகு ஆட்களோடு இருப்பதையே நிறுத்துகிறார். அமெரிக்காவில் 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆபத்து கூடிய முதியவர்களுக்குக் காது கேட்கும் கருவி கொடுத்து மூன்று வருடம் கவனித்தபோது, அறிவுத் திறன் தேயும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கண்ணில் வெண்புரை இருந்தால் அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்யலாம். கண்ணும் காதும் மூளைக்கு வாசல்கள். அவற்றைத் திறந்து வைக்க வேண்டும்.

தனிமையைப் பற்றியும் ஒரு சொல். லயத்து வாழ்க்கையின் குறைகளை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அங்கே ஒரு கிழவி காலையில் கதவைத் திறக்காவிட்டால் பக்கத்துக் காம்பராவில் தட்டிப் பார்க்க ஆள் உண்டு. ரொரன்ரோவிலும் லண்டனிலும் மாடி வீட்டில் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் சுவரைப் பார்த்திருக்கும் நம் தோழிகளுக்கு அது கிடையாது. தனிமை என்ற ஆபத்து படித்தவர்களையும் விடாது.

வல்லாரையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வல்லாரைச் சம்பல் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஞாபகசக்தி மாத்திரை என்று விளம்பரம் செய்து விற்பவற்றுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். பின்லாந்தில் அறுபதைத் தாண்டிய 1,260 பேரை வைத்துச் செய்து 2015இல் வெளிவந்த ஆய்வு, நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷர் முதலியவற்றைக் கவனித்தல் என்ற எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் செய்தபோது பயன் கிடைத்ததைக் காட்டியது. ஒரே ஒரு மந்திர மருந்தால் வந்த பயனல்ல அது.

படிப்பும் பாஷையும்

பட்டியலின் முதற் காரணம் சிறுவயதில் படிப்பின்மை. அதைக் கேட்கும்போது எங்களுக்கு நெஞ்சு கனக்கிறது. இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இடைப்பட்ட காலத்தில் பிறந்த பெண் பிள்ளைகள் இரண்டாம் வகுப்போடும் மூன்றாம் வகுப்போடும் தம்பி தங்கையைப் பார்க்கவும் கொழுந்து பறிக்கவும் போனார்கள். அவர்கள்தான் நம்முடைய அம்மாமார்.

படிப்பு எப்படி மூளையைக் காக்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் நொத்ர்டாம் சபையைச் சேர்ந்த 678 அருட்சகோதரிகளை டேவிட் ஸ்னோடன் என்பவர் 1986 முதல் ஆராய்ந்தார். அநேகர் ஆசிரியைகள். கன்னிமடத்தில் சேரும்போது இருபது வயதளவில் அவர்கள் எழுதிக் கொடுத்த சுயசரிதைகள் மடத்தில் பத்திரமாக இருந்தன. இளமையில் கருத்துச் செறிவாக எழுதியவர்களுக்கு முதுமையில் மறதி நோய் குறைவாகவே வந்தது. இறந்த பின் சிலரின் மூளையைப் பார்த்தபோது நோயின் திட்டுகள் நிறைய இருந்தன. ஆனால் உயிரோடிருந்தவரை அவர்கள் தெளிவாகவே இருந்தார்கள். மூளைக்குள் சேமிப்பு இருந்தால் நோய் சிலதைத் தின்ற பிறகும் மிச்சம் இருக்கும் என்று இதை விளக்குகிறார்கள். சேவைக்காலப் பணம் போலத்தான், சிறுவயது முதல் சேர்ந்து வருகிறது. இந்தப் பாடசாலை நமக்குத் தந்த சொத்தில் இதுவும் ஒன்று.

அப்படியானால் படிக்காத அம்மாமாருக்குச் சேமிப்பே இல்லையா? இருக்கிறது. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் வைத்தியரும் அவரது குழுவினரும் மறதி நோயுள்ள 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இரண்டு பாஷை பேசியவர்களுக்கு, ஒரே பாஷை பேசியவர்களைவிட நாலரை வருடம் பிந்தியே நோய் தொடங்கியிருந்தது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் லயத்தில் தமிழும், சந்தையிலும் கந்தோரிலும் சிங்களமும் பேசி, நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் புத்தகமின்றி மனதில் வைத்திருந்தவர்களின் மூளை சும்மா இருந்த மூளை அல்ல.

நமக்கு இதில் பாடம் உண்டு. குறுக்கெழுத்து மட்டும் போதாது. புதியதைக் கற்க வேண்டும். அறுபது வயதில் சிங்களத்தில் எழுதப் பழகலாம். பேரப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம். அது பிள்ளைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

அல்சைமர் நோயைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. சில மருந்துகள் சிலருக்குச் சிறிது காலம் உதவும். பராமரிப்புத்தான் பெரிய சிகிச்சை. எங்கள் அனுபவத்தில் உதவிய சிலவற்றைச் சொல்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும் மகள்மாருக்கு முதலில் ஒன்று. 'அம்மா, நான் யாரு சொல்லு பாப்போம்?' என்று கேட்காதீர்கள். விடை தெரியாதபோது அவர் படும் வெட்கம் உங்களுக்கு அந்தச் சின்னத் திரையில் தெரியாது. 'அம்மா, நான் மூத்தவ பேசுறேன்' என்று தொடங்குங்கள். பெயர் மறந்தாலும் குரலின் அன்பு புரியும்.

அவர் சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம். இறந்துபோன புருஷன் இன்னும் மலையிலிருந்து வரவில்லை என்று தேடும் தாயிடம், அவர் செத்துப் பத்து வருஷம் ஆச்சு என்று ஒவ்வொரு நாளும் சொன்னால் ஒவ்வொரு நாளும் அவருக்குப் புது எழவு. அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பேச்சைத் திருப்பலாம். ரொட்டித் துண்டுகளைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைக்கும் தாய்மாரைக் கண்டிருக்கிறோம். பைத்தியம் என்று ஏசினார்கள். 74ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஒளித்து வைத்தவர் அந்தக் காலத்துக்கே திரும்பிப் போயிருக்கிறார். வைக்கட்டும். இரவில் எடுத்துவிட்டுக் காலையில் புதிதாக ஒன்று கொடுத்தால் போதும்.

நாளின் ஒழுங்கு மாறாமல் இருப்பது நல்லது. எழுவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் ஒரே நேரத்தில். ஒரு நேரத்தில் ஒரு விடயம் மட்டும் சொல்ல வேண்டும். கைக்கு வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, அரிசி புடைப்பது, துணி மடிப்பது. சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. அடுப்பைத் தனியே விட வேண்டாம். மருந்தடிக்கும் நஞ்சும் மண்ணெண்ணெயும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். நம் ஊரில் வீட்டை விட்டு இறங்கினால் பள்ளம், ஓடை, மூடுபனி. ஆகவே சட்டையின் உட்புறம் மகனின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துணித் துண்டில் எழுதித் தைத்து வையுங்கள். லயத்தில் எல்லோருக்கும், கடைக்காரருக்கும், ஓட்டோப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். மறைக்க இது வெட்கப்படும் நோயல்ல.

கைநாட்டு விடயத்திலும் கவனம் வேண்டும். நினைவு தடுமாறும் தாயிடம் ஈ.பி.எப். பணத்துக்கும் காணிக்கும் விரலைப் பிடித்து அடையாளம் வைப்பது நடக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரவும் அதில் வழியுண்டு. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகளுக்கான உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். கொழும்பில் லங்கா அல்சைமர் பவுண்டேசன் குடும்பங்களுக்கு ஆலோசனை தருகிறது. மனம் தாங்காதபோது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

அந்த இலக்கம் நோயாளிக்கு மட்டுமல்ல, பார்க்கிறவருக்கும்தான். அநேகமாக அது கல்யாணம் முடிக்காத ஒரு மகள், அல்லது ஒரு மருமகள். இரவில் நித்திரையில்லை, பகலில் வேலை. காசு அனுப்பும் அக்கா தொலைபேசியில் குறை சொல்கிறார். நாம் அந்த அக்காவாக இருந்தால், வருகிற வருஷம் ஊருக்கு வரும்போது கோயில் குளம் சுற்றுவதற்கு முன் ஒரு வாரம் அம்மாவைப் பார்த்துக் கொண்டு தங்கச்சியை ஓய்வெடுக்க அனுப்புவோம்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்

நூற்றாண்டு நிதியில் கட்டடம் கட்டுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. கட்டடம் வேண்டும். அதோடு மூன்று சிறிய காரியங்களையும் சங்கம் எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம்.

முதலாவது, மாதம் ஒரு தோட்டமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரஷர், சீனி, கண், காது பார்க்கும் ஒரு முகாம். கருவிகள் வாங்கப் பெரும் பணம் தேவையில்லை. ஓய்வுபெற்ற தாதிமார் நம்மிடையே போதியளவு இருக்கிறோம். குறை கண்டவர்களைக் கிளினிக்குக்கு அனுப்பி, அவர்கள் போனார்களா என்று மறுமாதம் விசாரிப்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, மறதி நோயுள்ளவரைப் பார்க்கும் பெண்களுக்கு மாதம் ஒரு நாள் ஓய்வு. நம்மில் இருவர் போய் அன்று பகல் அவரோடு இருப்பது.

மூன்றாவது, நம் தாய்மாரின் குரலைப் பதிவு செய்வது. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டப் பாட்டுகளைத் திரட்டி நூலாக்கித் தந்தார். இன்னும் எத்தனையோ தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் எண்பது வயதுத் தொண்டைகளில் இருக்கின்றன. நினைவு தேயும் நோயில் பாட்டு கடைசியில்தான் போகிறது. பேச்சு குன்றியவர்களும் பழைய பாட்டைத் தொடங்கினால் கூடப் பாடுகிறார்கள். பாடுபவருக்கு அது மருந்து, நமக்கு அது வரலாறு. கையில் இருக்கும் தொலைபேசியே போதும். மேல்வகுப்பு மாணவிகளை அனுப்பினால் அவர்களுக்கும் தங்கள் பாட்டிமாரைத் தெரிய வரும்.

எழுத்துத் தெரியாத தாய்மார் கூடையைச் சுமந்து, நாம் எழுத்துப் படிப்பதற்கு வழி செய்தார்கள். அவர்களின் நினைவு தடுமாறும் காலத்தில் அவர்களுக்காக நினைவு வைத்துக் கொள்வது படித்த நம்முடைய கடமை. இந்த மலரை வாசிக்கும் சகோதரிகள், எந்தத் தேசத்தில் இருந்தாலும், இந்த மூன்று காரியங்களில் எதற்கு உதவ முடியும் என்று சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள். அதற்கு முன் இன்றைக்கே உங்கள் பிரஷரைப் பாருங்கள், அம்மாவுக்கு ஒரு தொலைபேசி எடுங்கள்.